இடது பக்க ஸ்பீக்கர்

“பிர்கிட்டா, இடது ஸ்பீக்கர்ல கொர்ருனு ஒரு சத்தம் வருதே, கேக்குதா?” வீட்டுக்குள் அமைத்த சினிமா அறையில், ஏணியின் மேலிருந்து மனைவியைக் கேட்டார் டோர்ஸ்டென்.

“அந்தக் கொர்ர் உங்க காதுக்குள்ள இருக்கு. இறங்குங்க, மாலின் வர்ற நேரம்.”

“பொண்ணுக்குப் போடுற முதல் படம், குறையே இருக்கக் கூடாது. சனிக்கிழமையானா அவளுக்குக் கொடுக்குற மிட்டாய் வாங்கியாச்சா?”

“கிண்ணம் நிறைய இருக்கு. அவளுக்குப் பிடிச்ச உப்பு மிட்டாயும்தான்.”

டோர்ஸ்டென் இறங்கிப் போய், ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த தாளை எடுத்துவந்தார். மகள் வண்ணப் பென்சிலால் எழுதிய படப் பட்டியல்.

“பறக்குற கரடி படத்தைத்தான் முதல்ல எழுதியிருக்கா. அதையே போடுவோம்.”

அழைப்பு மணி அடித்தது.

உள்ளே வந்த மாலினுக்கு முப்பத்தைந்து வயது. திரையைப் பார்த்தாள், மிட்டாயைப் பார்த்தாள், தாளை வாங்கிப் பார்த்தாள்.

“அப்பா, இது நான் ரெண்டாம் வகுப்புல எழுதினது. சனிக்கிழமையானா மிட்டாயும் கையுமா இந்த ரூம் வாசல்லயே உட்கார்ந்திருப்பேன். ‘சத்தம் சரியாகட்டும்’னு கதவைச் சாத்திடுவீங்க. ஒரு படம்கூடப் போட்டதில்ல.”

“இப்ப சரியாயிடுச்சும்மா.”

“ஆறு மணிக்கு ரயில்ப்பா.”

“பாதிப் படமாவது பாரேன்.”

கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். திரையில் கரடி பறந்தது. இடது ஸ்பீக்கர் கொர்ரென்றது.

“அப்பா, ஏதோ சத்தம் வருதே?”

டோர்ஸ்டென் ஒருமுறை ஏணியைப் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலியே” என்று சொல்லி, மகளை ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.