செவலையின் கூவல்

இடது தாடை முடிந்தது. வலது பக்கம் பாக்கி.

ரேசரைத் தண்ணீரில் அலசும்போது கூவல் கேட்டது.

அது அடங்குவதற்குள் அவள் குளியலறையை விட்டு வீட்டுக்குப் பின்னால் ஓடியிருந்தாள். தோளில் துண்டு. வலது தாடையில் சோப்பு நுரை.

சாணிக்கூடையைத் தள்ளிவிட்டு வெளியே நின்றது செவலை.

கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த கோழி. தை மாதம் வரைக்கும் முட்டையிட்டது. குஞ்சு பொரித்தது. இப்போது கொண்டை தடித்துச் சிவந்துவிட்டது. வாலில் இறகு வளைகிறது. பொழுது வெளுக்கத் தொடங்கினால் கூவக் கழுத்தை நீட்டுகிறது.

பிடித்து அமுக்கிக் கூடையைக் கவிழ்த்தாள். மேலே ஒரு செங்கல்.

உயரம் குறைந்த கூடை. கழுத்தை நிமிர்த்த முடியாத கோழியால் கூவ முடியாது. அவளாகவே கண்டுபிடித்தது அது.

இந்த வீட்டில் பொட்டைக்கோழி கூவினால் அன்றைக்கே அறுத்துவிடுவார்கள். குடும்பத்துக்கு ஆகாதாம். முன்பு ஒன்றை அப்படி அறுத்ததை மாமியாரே சொல்லியிருக்கிறார். கறி வேகவே இல்லை என்பதையும் சேர்த்து.

சீக்கு என்று நினைத்துத்தான் செவலையைக் கட்டைப்பையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் சிரித்தார்.

"முட்டைப்பை கெட்டுப்போயிருக்கும்மா. ஹார்மோன் மாறிடுச்சு. ஜீன் பொட்டைதான், அது மாறாது."

"அப்புறம் இதுக்குக் கூவறதுக்கு யாருங்க சொல்லிக்குடுத்தது?"

"யாரும் சொல்லிக்குடுக்க வேண்டியதில்லை. கூவல் பொட்டைக்கோழி மூளையிலயும் இருக்கு, பொறக்கும்போதே. எழுப்ப ஆளில்லாம தூங்கிட்டுக் கிடந்தது, அவ்வளவுதான்."

ஹார்மோன்.

ராசிபுரத்து டாக்டரம்மா அவளிடம் சொன்னதும் அதே வார்த்தைதான். சினைப்பையில் நீர்க்கட்டி. மாதாமாதம் வரவேண்டியது வராமல் போவதும், தாடையில் முடி முளைப்பதும் அதனால்தான் என்றார்.

மாத்திரை புடவை மடிப்புக்குள் இருக்கிறது. ரேசர் சீயக்காய் டப்பாவுக்குள்.

முட்டை லாரியில் ஒடிசா போயிருக்கும் கணவனுக்கு இரண்டும் தெரியாது.

கூடைக்குள் செவலை திரும்பியது. தலை மூங்கிலில் இடித்தது. மறுபடியும் இடித்தது.

"விடியறதுக்குள்ள இங்க என்ன கண்ணு பண்ற?"

மாமியார். பின்வாசலில் நின்றிருந்தார்.

அவள் எழுந்தாள். கை தாடைக்குப் போனது. விரலெல்லாம் நுரை. காலால் கூடையை மறைக்கப் பார்த்தாள். இரண்டையும் மறைக்க முடியவில்லை.

மாமியார் விளக்கைப் போட்டார்.

அவள் முகத்தைப் பார்த்தார். செங்கல்லைப் பார்த்தார். மறுபடியும் முகத்தைப் பார்த்தார்.

"கூவுனது எது?"

"பக்கத்து வூட்டுச் சேவலுங்க அத்தை."

"அதைத்தான் ஆடி நோம்பிக்கே கொழம்பு வெச்சுத் தின்னுட்டாங்களே. நமக்குக்கூட ஒரு கிண்ணம் குடுத்தாங்க."



மாமியார் படியிறங்கிப் பக்கத்தில் வந்தார். அவளுடைய கையைத் தாடையிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார். இடது பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். அங்கே தோல் தடித்துச் சிவந்திருந்தது.

"முடி போற பக்கமாவே இழுக்கோணும் கண்ணு. எதுத்து இழுத்தா இப்படித்தான் எரியும். தேங்காயெண்ணெய் தொட்டு வெய்யி, அடங்கிரும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

மாமியார் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"போ. பாக்கியை முடி. பால்காரன் வந்துருவான்."

"செவலைங்க அத்தை..."

"போன்னு சொன்னேன்ல."

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ரேசரை எடுத்தாள். தாடையில் வைக்க முடியவில்லை.

வெளியே செங்கல் நகரும் சத்தம்.

கூடை நகரும் சத்தம்.

செவலையின் சிறகடிப்பு. பிறகு ஒன்றுமில்லை.

அவள் ரேசரைப் பிடித்தபடி நின்றாள். சொட்டிய குழாயைக்கூட இறுக்கி அடைத்தாள்.

ஒன்றுமில்லை.

அப்புறம் கூவல் எழுந்தது. இதுவரை அவள் பாதியோடு அமுக்கிய கூவல். இப்போதுதான் கடைசிவரை கேட்டாள். நீளமானதுதான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஜன்னல் திறந்தது.

"என்னக்கா, காலங்காத்தால ஊரையே எழுப்பிட்டீங்க? சேவலு வாங்கியிருக்கீங்களா?"

"ஆமா புள்ள." மாமியாரின் குரல் நிதானமாக இருந்தது. "மருமக ஊட்டுச் சேவலு."

அவள் கண்ணாடியைப் பார்த்து முகத்தைத் திருப்பினாள்.

வலது தாடையில் ரேசரை வைத்தாள்.

முடி போகிற பக்கமாக.