பயந்த புழு

ஏரியில் அந்த விராலைப் போலப் பயந்த மீன் வேறு இல்லை. பளபளவென்று சுழன்று தொப்பென்று விழும் தூண்டில்களைக் கண்டால் பாசிக்குள் ஒடுங்கிவிடும். ஆசைப்பட்டுப் பாய்ந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். பயந்ததால்தான் அது மட்டும் இன்னும் இருந்தது.

சில நாட்களாகக் கரையில் சத்தமே இல்லை. பக்கத்துப் பொந்துக் கெளுத்தியையும் காணவில்லை.

அன்று பாசி ஓரமாக ஒரு சின்னப் புழு சத்தமில்லாமல் வந்து இறங்கியது. துள்ளவில்லை, நெளியவில்லை. லேசாக நடுங்கிக்கொண்டு நின்றது. அதைப் பிடித்திருந்த தூண்டில் நரம்பு தண்ணீரோடு தண்ணீராகத் தெரியாமல் இருந்தது.

“யாருடா நீ?” என்றது விரால், தள்ளி நின்றே.

“மெதுவாப் பேசுங்கண்ணே. பயமா இருக்கு.”

“பயமா இருந்தா ஓட வேண்டியதுதானே?”

“ஓடினா கண்ணுல பட்டுடுவோமே.”

விராலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் அது தனக்குள் சொல்லிக்கொள்வதும் அதைத்தானே!

“இங்க ஒரு கெளுத்தி இருந்தானே, பாத்தியா?”

“பாத்தேண்ணே. அவரும் உங்கள மாதிரிதான், தள்ளி நின்னு பேசினார். அப்புறம் பக்கத்துல வந்தார்.”

“அப்புறம்?”

புழுவின் நடுக்கம் மட்டும் கொஞ்சம் கூடியது.

பாவம், ரொம்பத்தான் பயந்து போயிருக்கிறது என்று விரால் நினைத்தது. ஆனாலும் அவசரப்படவில்லை. நிஜப் புழுதானா என்று முதலில் தொட்டுப் பார்த்துவிட வேண்டும். மீனுக்குக் கை ஏது? உதட்டைத்தான் நீட்ட வேண்டும்.

மெல்ல, மிக மெல்ல, நீட்டியது.

கரையில் யாரோ அதைவிட மெல்ல மூச்சை இழுத்துப் பிடித்தார்கள்.