இருபது பூவரசங் கன்றுகள்

“எழுது பாயம்மா. செடி வச்ச அந்தப் பொம்பள நல்லா இருக்க மாட்டான்னு எழுது.”

தேசம்மா சொல்லச் சொல்ல, பக்கத்து நாற்காலிப் பெண் எழுதிக்கொண்டிருந்தாள். சிந்தாதிரிப்பேட்டை சமூக நலக்கூடத்தில் மின்விசிறிகளின் இரைச்சலையும் மீறிக் கூச்சல் கேட்டது. கூவம் கரையோர அரசு நிலத்தில் இனி ஆடு மாடு மேயக் கூடாது, மேய்ந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று புது விதி வரப்போகிறது. அதற்கு முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் அது.

தேசம்மாவுக்கு ஏழு ஆடுகள். கணவர் போன பிறகு அவள் வீட்டு அடுப்பு எரிவது அவற்றால்தான். அந்தக் கரையை விட்டால் அவை மேய வேறு இடம் இல்லை.

எழுதிக் கொடுத்தால்தான் கருத்தை ஏற்போம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தேசம்மா படிவத்தோடு நான்கு பேரிடம் போய் நின்றாள். ஒருவர் ஆட்டு வாடை அடிக்கிறதென்று நாற்காலியையே தள்ளிப் போட்டுக்கொண்டார். கறுப்பு புர்கா அணிந்த இந்தப் பெண்தான் தன் கையிலிருந்த தாளை மடித்து வைத்துவிட்டு, “குடுங்கக்கா, நான் எழுதறேன்” என்று கையை நீட்டினாள். அவள் நகக்கண்களில் பச்சை பெயிண்ட் ஒட்டியிருந்தது.

எதிர்வரிசையில் அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர் ஒருவர் எழுந்தார். ஆடு வளர்க்கிறவர்கள் ஊருக்கு வெளியே போய் வளர்க்கட்டும் என்று கத்தினார்.

“நீ போ நைனா மொதல்ல” என்றாள் தேசம்மா. “எங்க ஆயா ஆடு மேச்ச எடத்துலதான் உன் பில்டிங்கே நிக்குது.”

பின்வரிசை சிரித்தது. தேசம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி எழுதுகிற பெண்ணின் பக்கம் திரும்பினாள். யாரோ ஒருத்தி கரையில் இருபது பூவரசங் கன்றுகளை நட்டு, மூங்கில் வேலி கட்டினாளாம். ஆடு அதைத் தின்றதும் புகார் எழுதிக் கொடுத்தாளாம். இந்த விதியே அந்தப் புகாரால்தான் வருகிறது என்று கரையில் எல்லோரும் சொன்னார்கள்.

“ஒவ்வொரு செடிக்கும் பச்சத் தகரத்துல ஒரு போர்டு. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா இருவதுலயும் ஒரே மாதிரி எழுத்து. செடிக்கு இன்னாத்துக்கு பேரு?”

பேனா நின்றது.

“இதையும் எழுதணுமா?”

“எழுது. அவளுக்குப் புள்ளகுட்டி கீதா இல்லியான்னும் எழுது. இருந்தா, பசின்னா இன்னான்னு தெரிஞ்சிருக்கும்.”

எழுதிய வேகத்தில் பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது. அந்தப் பெண் கிழிசலை விரலால் நீவிவிட்டாள். பிறகு தலை நிமிராமலே கேட்டாள்.

“கரை பூரா புல்லு இருக்கே. வேலிய ஒடச்சுக்கிட்டு உங்க ஆடு ஏன் அங்க போச்சு?”

அந்தக் குரலில் இருந்த சூடு தேசம்மாவையும் சுட்டது. “இன்னா, நீயும் அவ கச்சியா?” என்று சீறினாள். பிறகு மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே போனாள். ஒரு வாரம் விடாத மழை. கரையெல்லாம் தண்ணீர். குட்டி போட்ட வெள்ளாடு கட்டின இடத்திலேயே கிடந்து, சுவரில் கிழிந்து தொங்கிய போஸ்டரைத் தின்றது. மடியில் ஒரு சொட்டுப் பால் இல்லை. எதிர்வீட்டு ஜெனிதாவின் ரெண்டு வயதுக் குழந்தைக்கு மாட்டுப் பால் ஒத்துக்கொள்ளாது. தேசம்மா சும்மா கொடுக்கிற ஆட்டுப் பால்தான் அதற்கு ஆகாரம். குழந்தை மூன்று நாளாகக் கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டு அழுதது.

“மழ விட்டதும் அவுத்து விட்டேன். மேட்டுல அந்தச் செடிங்கதான் பச்சையா இருந்துச்சு. பூந்து எல்லாத்தையும் துன்னுச்சு. சாயந்தரமே மடி எறங்குச்சு பாயம்மா. அந்தப் புள்ள ரெண்டு டம்ளர் குடிச்சிட்டு சிரிச்சுது. இத்த எழுது.”

அந்தப் பெண் எழுதினாள். ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். தேசம்மாவின் கைநாட்டையும் வாங்கிக்கொண்டாள்.

மேடையில் அதிகாரி முதல் தாளை எடுத்தார். “புகார் குடுத்த ஜஹனாரா வந்திருக்காங்களா?”

பக்கத்து நாற்காலிப் பெண் எழுந்தாள்.

அவள் புர்காவைத் தொட்டிருந்த தேசம்மாவின் கை சட்டென்று விலகியது. ஜஹனாரா திரும்பிப் பார்க்காமல் மேடைக்கு நடந்தாள்.

அதிகாரி புகாரை உரக்கப் படித்தார். போன வருடம் காய்ச்சலில் இறந்த மகள் ஜுவேரியாவின் பெயரில் தர்மமாக நட்ட இருபது கன்றுகளையும் ஆடுகள் தின்றுவிட்டன. இனி அங்கே ஒரு ஆடுகூடக் கால் வைக்கக் கூடாது.

தேசம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“இதுல மாத்தம் ஒண்ணும் இல்லையேம்மா?”

ஜஹனாரா, கிழிசலோடு இருந்த தேசம்மாவின் தாளை மேசைமேல் வைத்தாள்.

“என் புகார எடுத்துடுங்க சார். எம்பொண்ணு தர்மம் ஒரு குழந்தைக்குப் பாலாப் போய்ச் சேந்துடுச்சு.”