உயிருக்கு உயிரானவங்க

"கதவை உடைச்சாவது திறங்க! உள்ள என் பொண்டாட்டியும் பொண்ணும் இருக்காங்க!"

அவன் போட்ட கூச்சலில் தெருவே அதிர்ந்தது. வெளியூர் போய்விட்டுத் திரும்பியவனுக்குச் சொந்த வீட்டுக் கதவிலேயே சாவி பாதிக்கு மேல் நுழையவில்லை. மணி அடித்தும் பதில் இல்லை, போனும் எடுக்கவில்லை. ஓடிப்போய்த் தெருமுனைப் பூட்டுக்கடைக்காரரைக் கையோடு இழுத்து வந்திருந்தான்.

அந்த மனுஷனோ வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தார். சுத்தியல் இல்லை, திருப்புளி இல்லை. வந்ததும் வராததுமாக அந்தச் சின்ன ஓட்டு வீட்டின் வாசற்படியில், கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார்.

"யோவ், இடிச்ச புளியாட்டம் உக்காந்திருக்கியே! வேலையைப் பாருய்யா!"

"பதறாதீங்க தம்பி. உள்ள யாரு யாரு?"

"அதான் சொன்னேனே! சொந்தம்னு சொல்லிக்க எனக்கு அவங்க ரெண்டு பேரை விட்டா யாருய்யா இருக்கா? என் உசுரே அவங்கதான்!" அவன் தலையில் அடித்துக்கொண்டான். "பொண்ணுக்கு வேற கை ஒடிஞ்சு கட்டுப் போட்டிருக்கு. ஏழு வயசுக் குழந்தைய்யா!"

"அடடா. எப்படி ஒடிஞ்சுது?"

"மாடிப்படியில உருண்டுட்டா. இப்ப அதுவா முக்கியம்? நெஞ்சுல ஈரமே கிடையாதா உனக்கு?"

பூட்டுக்காரர் கதவில் சாய்த்த முதுகை எடுக்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது, அவனைக் கண்டதும் படாரென்று மூடிக்கொண்டது. ஆத்திர அவசரத்துக்கு எட்டிப் பார்க்க ஒரு நாதியில்லாத தெரு!

"உன் பொண்டாட்டி புள்ள உள்ள கிடந்தா இப்படித்தான் கதை கேட்டுட்டு உக்காந்திருப்பியா?" என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினான்.

பூட்டுக்காரர் அந்தக் கையை விலக்கிவிட்டு எழுந்தார். கதவை முழுசாக மறைத்துக்கொண்டு நின்றார். இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த கோபத்தில் அவர் உதடு துடித்தது.

"மாடியே இல்லாத வீட்டுல ஏதுடா மாடிப்படி? நேத்து இந்தப் பூட்டை மாத்திப் போட்டவனே நான்தான். ஒத்தைக் கையால ஒவ்வொரு ஸ்குரூவா எடுத்துக் குடுத்துச்சு, உன் உசுரு!"