மக்பூலின் பட்டை

ஒலிக்கருவிக் கண்காட்சிக்கு நானும் மக்பூலும் இருபத்தாறு வருடமாகச் சேர்ந்தே போகிறோம், சண்டை போடத்தான். அவனுக்குப் பாட்டின் அடித்தாளம், அந்த பாஸ் ஒலி, அதிர வேண்டும். எனக்குப் பாடுகிறவரின் மூச்சு கேட்க வேண்டும்.

இந்த வருடம் நந்தம்பாக்கத்தில், வாசலிலேயே காதுக்கு எந்த ஒலி பிடிக்கும் என்று அளந்து, அதைப் பதிந்த ஒரு பட்டையைக் கையில் கட்டினார்கள். ஸ்பீக்கர் ஒன்று, பாட்டும் ஒன்று. ஆனால் அவரவர் பட்டையில் பதிந்த ஒலிதான் அவரவர் காதுக்கு வந்தது.

“நல்லாருக்கு,” என்றான் மக்பூல்.

“ஆமா, நல்லாருக்கு,” என்றேன்.

அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. முதல் ஏழு அறைகளிலும் இதே கதை. சாப்பிடும்போது ரசத்தைப் பற்றிப் பேசினோம்.

எட்டாவது அறையில் எரிச்சல் தாங்காமல் என் பட்டையை அவிழ்த்து அவனிடம் கொடுத்துவிட்டு, அவனுடையதைக் கட்டிக்கொண்டேன். பாட்டு தொடங்கியதும் நெஞ்சுக்கூடே ஆடியது.

மக்பூல் முகத்தைச் சுளித்தான். “இந்தச் சப்பை சவுண்டையாடா இவ்ளோ நாளா கேட்டுட்டிருந்தே?”

“உன்னோடதுல பாட்டு எங்கடா இருக்கு?”

அரங்கில் நின்ற பெண் ஓடிவந்தாள். “சார், அவங்கவங்க பட்டையைக் கட்டுங்க. ரெண்டு பேருக்குமே பிடிக்கும்.”

“பிடிக்கிறதுக்கு நாங்க வரலம்மா,” என்ற மக்பூல், என் பட்டையோடு மறுபடி முதல் அறைக்கு நடந்தான்.