சலித்துக்கொள்ளாத மெஷின்

வேலை முடிந்து வந்த மகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“வாஷிங் மெஷின்ல மூணு டப்பா இருக்கே, சோப்புத்தூள எதுலம்மா போடணும்?” என்றார் அப்பா.

“எத்தனை தடவப்பா சொல்றது? ஆள விடுங்க!”

“மத்தியானம் கம்ப்யூட்டர்லயும் கேட்டேன், மறந்துபோச்சு. நாம பேசற மாதிரியே எழுதினாப் போதும், பதில் சொல்லுது. மூணு தடவ கேட்டேன். மூணு தடவயும் ‘கவலைப்படாதீங்க ஐயா’ன்னு ஆரம்பிச்சுப் பொறுமையாச் சொல்லுச்சு. மெஷினுக்கு இருக்கற பொறுமை பெத்த பொண்ணுக்கு இல்ல.”

மகள் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சாதாரண ஜனங்களின் பேச்சு அவள் கம்பெனியின் அந்தக் கம்ப்யூட்டர் மெஷினுக்கு இன்னும் பிடிபடவில்லை. அதனால் பின்னால் ஆட்களை உட்கார வைத்துத்தான் பதில் எழுத வைத்தார்கள். வெளியே மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். ‘யாரோ ஒரு கிழம் சோப்புத்தூளக் கேட்டே உயிர வாங்குது’ என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் புலம்பிக்கொண்டே அந்த மூன்று பதிலையும் தட்டியது அவள்தான்.

“கவலைப்படாதீங்கப்பா. இடது பக்க டப்பாதான்” என்றாள் மெதுவாக.

அப்பாவின் முகம் மலர்ந்தது.

“பரவால்லையே! மெஷினப் பாத்தாவது கத்துக்கிட்டியே!”