பதினாலாவது ஆள்

"என் ஷூவை எதுக்குத் துடைக்கிறீங்க கோச்? நான்தான் எங்கயும் போகப் போறதில்லைன்னு சொல்லிட்டேனே!"

உடை மாற்றும் அறையின் பெஞ்சில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் மால்தே. வயது பத்தொன்பது. பத்து வருடமாக இந்தக் கால்பந்து கிளப்தான் அவனுக்கு எல்லாம்.

மாடியில், ஜெர்மனியின் பெரிய கிளப்பிலிருந்து வந்த இருவர் இயக்குநர் கித்தேவோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

"போகாம? கடைசி வரைக்கும் டென்மார்க் மழையிலயே ஊறப் போறியா?" என்றார் பிரெபென், இளைஞர் அணிப் பயிற்சியாளர்.

"என்னை வித்துட்டு உங்களால நிம்மதியா இருக்க முடியுமா?"

பிரெபெனுக்குச் சுருக்கென்றது. சின்ன ஊர், சின்ன கிளப். பிள்ளைகளை வளர்த்து, ஆளாக்கி, பெரிய இடத்துக்கு விற்றால்தான் அடுத்த வருடம் மைதானத்தில் விளக்கு எரியும். இருபத்திரண்டு வருடத்தில் பதிமூன்று பேர் போயிருக்கிறார்கள். முதல் பையன் போன அன்று அவர் அழுத அழுகையில், மனைவிதான் காரை ஓட்டிவர வேண்டியிருந்தது.

"முடியாதுதான். ஆனா நீ இங்கயே தேங்கிட்டா, அதைத்தான் என்னால தாங்க முடியாது. பயமா இருக்கா?"

"இருக்கு. அங்க யாரையும் தெரியாது. பாஷையும் ஒழுங்கா வராது."

"முதல் மாசம் எல்லாரும் இதைத்தான் சொன்னாங்க. அப்புறம் ஒருத்தனும் என் போனையே எடுக்கறதில்லை!"

மால்தே சிரித்துவிட்டான். "அந்த ஜெர்மன்காரங்க மேட்ச் பார்க்கவே வரலை கோச். மூணு நாளும் நம்ம பிராக்டிஸைத்தான் பார்த்தாங்க. அதுல என்னத்தைக் கண்டாங்களோ!"

"விவரம் தெரிஞ்சவங்கடா. மேட்ச்ல யார் வேணும்னாலும் ஒரு நாள் நல்லா ஆடிடலாம்."

மால்தே கையை நீட்டி ஷூவை வாங்கிக்கொண்டான்.

கதவு திறந்தது. உள்ளே வந்த கித்தேவின் கண்கள் கலங்கியிருந்தன.

மால்தே எழுந்து நின்றான். "சரி கித்தே. நான் போறேன்."

"நீ உட்காருப்பா. அவங்க உன்னைக் கேட்கவே இல்லை."

கித்தே பிரெபென் பக்கம் திரும்பினார்.

"பதிமூணு பேரை உருவாக்கின ஆளுதான் வேணுமாம். நாங்க சரின்னு சொல்லிட்டோம், பிரெபென்."